நோயெதிர்ப்புத் தடைநீக்கி

‘இம்யூன் செக்பாயிண்ட் இன்ஹிபிட்டர்’ என்ற புற்றுநோய் மருந்தின் பெயரைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘நோயெதிர்ப்புச் சோதனைச்சாவடித் தடுப்பான்’ என்று வரும். இதைப் படிக்கிற நோயாளியின் மகன், அப்பாவின் எதிர்ப்புச் சக்தியையே தடுக்கப்போகிறார்களோ என்று மிரண்டுபோவான். மருந்து செய்வது அதற்கு நேர்மாறான வேலை.

இம்யூன் என்பதன் வேர் இலத்தீனின் ‘இம்யூனிஸ்’. வரி, ஊழியம் முதலிய கடமைகளிலிருந்து விலக்குப் பெற்றவர் என்று பொருள். நம் கல்வெட்டுகளில் வரும் ‘இறையிலி’க்கு நெருங்கிய உறவு. நோயிலிருந்து விலக்கு என்ற பொருள் பின்னால் ஏறியது. தமிழ்நாட்டில் நோயெதிர்ப்பு என்கிறோம்; இலங்கையில் நிர்ப்பீடனம்.

செக்பாயிண்ட், எல்லைச் சாவடியிலிருந்து உயிரியலுக்கு வந்தது. செல் பிரியும்போது ஒரு கட்டம் சரியாக முடிந்த பிறகே அடுத்த கட்டத்துக்கு விடும் ஏற்பாட்டுக்கு, உயிரியலாளர்கள் லேலண்ட் ஹார்ட்வெல்லும் டெட் வைனெர்ட்டும் 1989இல் இச்சொல்லை ஆண்டார்கள். அங்கே பொருத்தம்தான். நோயெதிர்ப்பியலில் அது குறிப்பதோ, எதிர்ப்பு எல்லைமீறாமல் இழுத்துப் பிடிக்கும் கடிவாளத்தை.

கடிவாளம் உடலுக்கு வேண்டும். அப்படியொரு கடிவாளமான சிடிஎல்ஏ-4 என்ற புரதம் இல்லாமல் உருவாக்கப்பட்ட எலிகள், கட்டுக்கடங்காமல் பெருகிய தம் டி செல்களாலேயே (நோயை எதிர்க்கும் வெள்ளணு வகை) சில வாரங்களில் மடிந்தன. புற்றுக்கட்டி எட்டிப் பிடிப்பதும் இந்தக் கடிவாளத்தைத்தான். டி செல் புற்றுச்செல்லை அடையாளம் கண்டு நெருங்கி, இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கிறது. அதை உணர்ந்த புற்றுச்செல், தன் மேற்பரப்பில் பிடி-எல்1 என்ற புரதத்தைக் கூட்டிக்கொள்கிறது. அது டி செல்லின் பிடி-1 ஏற்பியில் பொருந்தியதும், கொல்ல வந்த செல் ஓய்ந்துவிடுகிறது.

பிடி-1ஐ 1992இல் கியோட்டோவில் கண்டறிந்தது தசுக்கு ஹோன்ஜோவின் குழு. செல் தானே மாளும் நிகழ்வுக்குரிய மரபணுவைத் தேடியபோது கிடைத்ததால் ‘புரோகிராம்டு டெத்’ என்று பெயரிட்டார்கள். அடக்குவதே அதன் வேலை என்று பிறகு தெரிந்தும் பழைய பெயரே நின்றுவிட்டது.

நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகிய மருந்துகள் பிடி-1ஐ மூடிவிடுகின்றன. சிடிஎல்ஏ-4ஐ மூடும் இபிலிமுமாப், ஜேம்ஸ் அலிசன் எலிகளில் காட்டிய வழியில் பிறந்து, 2011இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அலிசனும் ஹோன்ஜோவும் 2018இன் மருத்துவ நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ‘மாப்’ என்ற ஈறு, ஒரே இலக்கில் ஒட்டும்படி ஆய்வகத்தில் உருவாக்கும் எதிர்ப்புரதமான மோனோகுளோனல் ஆன்டிபாடியின் சுருக்கம். இம்மருந்துகளைப் பெற்றவர் உடலில் புற்றுச்செல்லைக் கொல்வது அவருடைய சொந்த டி செல்தான்.

ஆகவே ‘நோயெதிர்ப்புத் தடைநீக்கி’ என்று சொல்வதே சரி என்பேன். எல்லாருக்கும் ஏன் பலிப்பதில்லை என்பதற்கும் இப்பெயரில் பாதி விடை இருக்கிறது: டி செல்லே எட்டிப்பார்க்காத கட்டியில் தடையை நீக்கி என்ன பயன்? பக்கவிளைவும் விளங்கும். தடை நீங்கிய டி செல் குடலையும் நுரையீரலையும் தைராய்டையும்கூடத் தாக்கலாம். இதையும் கீமோதெரபி என்று நினைப்பவர், வயிற்றுப்போக்கு வந்தால் வழக்கமான உபாதை என்று வீட்டிலேயே பொறுத்துக்கொள்வார். தடைநீக்கி என்று அறிந்தவர் அன்றைக்கே மருத்துவரை அழைப்பார். குடல் அழற்சியானால் ஸ்டீராய்டு கொடுத்து அடக்க வேண்டியிருக்கும், தாமதம் ஆபத்து.