ஒரு டிஎம்சி என்றால் எவ்வளவு தண்ணீர்?

மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. செய்தியில் இதை அடிக்கடி கேட்கிறோம். நிறைய என்று புரிகிறது, எவ்வளவு நிறைய என்பதுதான் புரிவதில்லை. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. லிட்டரில் ஏறத்தாழ 2,832 கோடி. இப்போது தெளிவாகிவிட்டதா என்றால், குழப்பம் ஒரு படி கூடியதுதான் மிச்சம்.

தப்பு வாசகர் மேல் இல்லை. மூன்று, நான்கு பொருள்கள் என்றால் எண்ணாமலே கண் பிடித்துவிடும். அதற்கு மேல் மூளை மடங்குக் கணக்கில்தான் உணர்கிறது. பத்துக்கும் இருபதுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆயிரத்துக்கும் ஆயிரத்துப் பத்துக்கும் உள்ளது உறைக்காது. ஒரு கோடு போட்டு, இடது முனையில் ஆயிரம், வலது முனையில் நூறு கோடி என்று எழுதி, பத்து லட்சத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். கணிசமானோர் நடுவில் புள்ளி வைப்பார்கள். உண்மையில் அது இடது முனையை ஒட்டிக்கொண்டிருக்கும்: கோடு பத்து மீட்டர் நீளம் என்றால், முதல் சென்டிமீட்டரிலேயே.

ஆக, பெரிய எண்ணைத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டால்தான் புரியும். ஒப்பீடு என்பது அடிப்படையில் ஒரு வகுத்தல் கணக்கு. விடை கைக்கு அடங்கும் எண்ணாக வர வேண்டும், வகுக்கும் பொருளும் தெரிந்ததாக இருக்க வேண்டும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியைத் தெருவில் பார்த்திருக்கிறோம். ஆனால் ஒரு டிஎம்சிக்கு 23.6 லட்சம் லாரி வேண்டும். அத்தனை லாரியை யார் பார்த்தார்கள்?

சென்னையை வைத்துப் பார்ப்போம். நகருக்கு நாளொன்றுக்கு சுமார் 100 கோடி லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், ஒரு டிஎம்சி 28 நாளுக்கு வரும். மாதத்துக்கு ஒன்று, அவ்வளவுதான். 3.645 டிஎம்சி பிடிக்கும் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால், ஆவியாவதைக் கழிக்காமல், மூன்றரை மாதம். ஆந்திராவிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் தரும் கிருஷ்ணா நீர் ஒப்பந்தம் ஆண்டுக்கு 12 டிஎம்சி என்று சொல்வது ஏன் என்பதும் இதிலேயே பிடிபடும்.

மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2016-இல் செய்திகளில் வரும் எண்களோடு இப்படி ஒரு வரி ஒப்பீட்டைச் சேர்த்துக் கொடுத்துச் சோதித்தார்கள். வாசகர்களுக்கு எண் நன்றாக நினைவிலும் நின்றது, தப்பான எண்ணைக் கண்டுபிடிக்கவும் கைகொடுத்தது.

சரி, அந்த லாரி ஒன்றுக்கும் உதவாததா? அப்படியில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. அதாவது ஒவ்வொரு விநாடியும் 68 லாரித் தண்ணீர். இங்கே லாரி பொருந்துகிறது. எண் நூறுக்குள் இறங்கிவிட்டது. விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி என்பதை மனதில் வைத்துக்கொண்டால், அணைச் செய்திகள் எல்லாமே கொஞ்சம் வழிக்கு வரும்.

சிக்கல் இனிமேல்தான். 2018-இல் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழகத்துக்குத் திறந்துவிட வேண்டிய காவிரி நீரை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. குறைந்தது 14.75. சதவீதத்தில் 7.7தான், 'பரவாயில்லை' என்று தோன்றும். சென்னைக் கணக்கில் 14 மாதக் குடிநீர், பகீர் என்கிறது. ஒரு போக நெல்லுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று கொண்டால், வழியில் வீணாவதை விட்டுவிட்டாலும், 86,000 ஏக்கர். மூன்றும் கணக்குப்படி சரி. ஆனால் எதை வகுக்கும் எண்ணாக எடுக்கிறோம் என்பதிலேயே கட்சி பிரிந்துவிடுகிறது.

நான் எழுதினால் ஏக்கரைத்தான் முதலில் போடுவேன். டெல்டாவில் காவிரித் தண்ணீர் பெரும்பாலும் போவது வயலுக்கு. அதற்கடுத்த வரியிலேயே சதவீதத்தையும் போட்டுவிடுவேன். சென்னைக் கணக்கு அந்தச் செய்திக்கு வேண்டாம்.