மலை இறங்கும் முன் பிரேக் ஆயிலைப் பாருங்கள்

பொங்கல் லீவில் ஒரு நாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும். குன்னூர் மலைப் பாதையின் அடிவாரத்தில் இருக்கும் கல்லாறில் ஒரு கார் நின்றுவிட்டது, வந்து பார்க்க முடியுமா என்று போன் வந்தது. மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருப்பவனுக்கு லீவு நாளில் இப்படிப் போன் வருவது வழக்கம்தான். பட்டறைப் பையனை ஏற்றிக்கொண்டு போனேன். பாக்குத் தோப்பு ஓரமாக வண்டி நின்றிருந்தது. முன் சக்கரம் இரண்டிலும் இன்னும் லேசாகப் புகை. பக்கத்தில் போவதற்கு முன்பே கருகல் வாடை மூக்கில் ஏறியது. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். பெரியவர் ஒருவர் அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வண்டி ஓட்டி வந்தவர் ஈரோட்டுக்காரர், நாற்பது வயது இருக்கும். கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. “பர்லியாறு வரைக்கும் நல்லாத்தான் புடிச்சுதுங்ண்ணா. அதுக்கப்புறம் மிதிக்க மிதிக்க பெடல் உள்ளயே போகுதுங்க. ஹேண்ட் பிரேக்கைப் புடிச்சு, பஸ்ட் கியர்ல போட்டு எப்படியோ கொண்டாந்துட்டனுங்க” என்றார்.

வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டு வந்தோம். முன் சக்கரத்தைக் கழற்றி, சக்கரத்தில் பிரேக்கைப் பிடிக்கிற பாகமான காலிப்பரில் காற்று எடுக்கிற நிப்பிளைத் திறந்துவிட்டால், வந்தது வரக்காப்பி மாதிரிக் கறுப்பாக இருந்தது. புது பிரேக் ஆயில் தேன் கலந்த தண்ணீர்போல வெளிர்மஞ்சளாக இருக்கும். “இதை எப்பங்க மாத்துனீங்க?” என்று கேட்டேன். “இதையெல்லாம் மாத்தணுங்ளா?” என்றார்.

அவர் வண்டியைக் கவனிக்காதவர் இல்லை. டேஷ்போர்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பைலை எடுத்துக் காட்டினார். ஏழு வருஷத்து பில்லும் தேதி வாரியாக இருந்தது. இன்ஜின் ஆயில், ஏர் பில்டர், ஏசி சர்வீஸ், அலைன்மென்ட் எதுவும் தவறவில்லை. பிரேக் ஆயில் மாற்றியதாக ஒரு பில்கூட இல்லை. அவர் கேட்டதில்லை, சர்வீஸ் செய்தவர்களும் சொன்னதில்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்கள்மீது எனக்கு வருத்தம் இந்த இடத்தில்தான். பாலிஷ் போடச் சொல்லி வற்புறுத்தத் தெரிகிறது, பிரேக் ஆயில் மாற்றச் சொல்ல வாய் வருவதில்லை.

நீங்கள் பெடலை மிதிக்கும்போது உங்கள் காலின் அழுத்தத்தைச் சக்கரம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த ஆயில்தான். ஆயில் என்று பெயரே தவிர, அது எண்ணெய் கிடையாது. அழுத்தினால் சுருங்காத ஒரு திரவம், அவ்வளவுதான். அதற்கு ஒரு குணம் உண்டு. உப்பு எப்படி மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக் கசிகிறதோ, அதேபோல இதுவும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். பானட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறக்கவே வேண்டாம். ரப்பர் ஹோஸ் வழியாகவும், மூடியில் இருக்கும் சின்னக் காற்றுத் துளை வழியாகவும் வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வண்டி ஓடினாலும் சரி, ஷெட்டில் சும்மா நின்றாலும் சரி.

ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கிவிடும். டாட் 3 என்று போட்ட ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே விதி இறக்கிக்கொள்கிறது. டாட் 4 ஆயிலுக்கு இந்தக் கணக்கு 230, 155. அதாவது ஒரு டம்ளர் ஆயிலில் ஒன்றரை டீஸ்பூன் தண்ணீர் சேர்ந்தாலே போதும், 65, 75 டிகிரி போய்விடுகிறது. கொதித்தால் உள்ளே நீராவிக் குமிழி உண்டாகும். திரவம் சுருங்காது, ஆவி சுருங்கும். நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்கு ஒன்றும் வந்து சேராது. ஈரோட்டுக்காரர் சொன்ன “மிதிக்க மிதிக்க உள்ளயே போகுது” என்பது இதுதான்.

“ஈரோட்ல இத்தனை வருஷமா இந்த பிரேக்லதானுங்க ஓட்டுனேன், ஒரு நாள்கூடப் பிரச்சனை வரல” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. டவுனில் நாம் இரண்டு மூன்று செகண்டு மிதிக்கிறோம், விட்டுவிடுகிறோம். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க் சூடாகும், காற்றுப் பட்டு ஆறும். பிரேக் ஆயில் எவ்வளவு கெட்டிருந்தாலும் சமதளத்தில் அது வெளியே தெரியாது. மலைதான் காட்டிக்கொடுக்கும்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1850 மீட்டர். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர். ஆட்களும் பெட்டியுமாக 1500 கிலோ எடையுள்ள ஒரு வண்டி அந்த 1500 மீட்டர் உயரத்தை இறங்கும்போது வெளியே விட வேண்டிய சக்தியை வெப்பமாக்கினால், கிட்டத்தட்ட 70 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். ஒரு கல்யாண வீட்டு அண்டா. காற்றின் தடையிலும் டயரிலும் ஒரு பகுதி கழிந்துவிடும், சரி. மீதியை யார் வாங்கிக்கொள்வது? நியூட்ரலில் இறங்கினால், தட்டு அளவுள்ள இரண்டு முன் டிஸ்க்கும் பின்னால் இரண்டு டிரம்மும்தான் அத்தனையையும் வாங்க வேண்டும். விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க்கின் சூடு 300 டிகிரியைத் தாண்டலாம். அதன் பக்கத்திலேயே காலிப்பருக்குள் நிற்கிறது, 140 டிகிரியில் கொதிக்கத் தயாராக இருக்கும் அந்தப் பழைய ஆயில்.

அதே வண்டியை இரண்டாவது கியரில் இறக்கினால், அந்தச் சூட்டில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். “சார், ரெண்டாவதுல போட்டா வண்டி ரேஸ் ஆகுது, இன்ஜின் போயிடாதா?” என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். போகாது. இன்ஜின் சுற்று காட்டும் மீட்டரில் முள் மூவாயிரத்தைத் தாண்டும், சத்தம் போடும், அது பழகாத காதுக்குப் பயமாக இருக்கும், அவ்வளவுதான். சிவப்புக் கோட்டுக்கு அருகில் போகாதவரை இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது இன்றைய காருக்கும் பொருந்தும். கொண்டை ஊசி வளைவுக்கு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் வந்து கிளட்சை மிதித்துக்கொண்டு தேடாதீர்கள்.

நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய வண்டிகளில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இறக்கத்தில் இன்ஜெக்டர் எரிபொருளையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் எரிக்க வேண்டியிருக்கிறது. அதனால் நியூட்ரல் போடுபவர் பிரேக்கையும் கெடுத்துக்கொண்டு பெட்ரோலையும் செலவழிக்கிறார். இன்ஜினையே ஆஃப் செய்துவிட்டு இறங்குபவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால், மிதியை லேசாக்கித் தரும் பிரேக் பூஸ்டர் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும், அதன்பின் பெடல் கல்லாகிவிடும். ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். தயவுசெய்து வேண்டாம்.

ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் டி-யில் போட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறார்கள். கியர் லீவர் பக்கத்தில் எல், எஸ், 2, அல்லது பிளஸ் மைனஸ் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அது எதற்கென்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் படித்து, ஊரிலேயே ஒரு மேம்பாலத்தில் பழகிவிட்டு மலைக்கு வாருங்கள். எலெக்ட்ரிக் காரில் காலை எடுத்தாலே மோட்டார் வண்டியைப் பிடித்து, அந்தச் சக்தியை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். மலைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் ஊட்டியில் ராத்திரி முழுக்கப் போட்டு 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு காலையில் இறங்கினால், பேட்டரியில் வாங்கிக்கொள்ள இடம் இருக்காது. முதல் சில கிலோமீட்டர் அந்தப் பிடிப்பு கிடைக்காமல் போகலாம். 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், இறங்குகிற வழியில் அதுவே ஏறும்.

பிரேக் இன்னொரு விதமாகவும் கைவிடும். பெடல் உள்ளே போகாது, கெட்டியாகவே நிற்கும், ஆனால் வண்டி நிற்காது. அது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடும் டிஸ்க்கும் அளவுக்கு மீறிச் சூடாகி வழுக்குவது. பேடு மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் சூடு இன்னும் சுலபமாக உள்ளே இறங்கி ஆயிலைத் தொடும். அதனால் மலைக்கு வருவதற்கு முன் சக்கரத்தைக் கழற்றி நாலு பேடையும் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். பின் டிரம்மைத் திறந்து, வீல் சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

டப்பாவில் ஆயில் குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பிவிடுவது பலருக்கும் பழக்கம். அது தவறு. பேடு தேயத் தேய டப்பாவில் மட்டம் இறங்கும், அது நமக்குக் கிடைக்கிற தகவல். ஊற்றி மறைத்துவிட்டால் பேடு தேய்ந்ததும் தெரியாது, எங்காவது கசிந்தாலும் தெரியாது. ஒரு முறை ஒருவர் பவர் ஸ்டீயரிங் ஆயிலை பிரேக் டப்பாவில் ஊற்றிக்கொண்டு வந்தார். இரண்டும் ஒரே மாதிரி டப்பா, ஒரே மாதிரி மூடி என்றார். உள்ளே இருந்த ரப்பர் சீல் எல்லாம் ஊறி உப்பிப்போய், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நாலு சக்கரம் வரைக்கும் மாற்ற வேண்டியதாயிற்று. மூடியின் மேலேயே டாட் 3, டாட் 4 என்று அச்சடித்திருக்கும். அதில் என்ன போட்டிருக்கிறதோ அதை மட்டும், சீல் உடைக்காத புது டப்பாவிலிருந்து ஊற்ற வேண்டும். போன வருஷம் திறந்து அலமாரியில் வைத்த டப்பா மூடியிருந்தாலும் வேண்டாம்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை முழுசாக மாற்றுங்கள். கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும் சரி. டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதிது ஊற்றினால் அது மாற்றியதாகாது. நாலு சக்கரத்திலும் நிப்பிளைத் திறந்து, புது நிறம் வருகிறவரை பழையதை வெளியேற்ற வேண்டும். சின்ன காருக்கு என் பட்டறையில் ஆயிலும் கூலியும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற வேலை, ஒரு மணி நேரம் ஆகும். ஈரோட்டுக்காரர் வண்டியிலிருந்து எடுத்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, பக்கத்தில் புது ஆயில் ஒரு பாட்டிலையும் வைத்திருக்கிறேன். வருபவர்களிடம் நான் ஒன்றும் பேசுவதில்லை, இரண்டையும் காட்டுகிறேன். பாதிப் பேர் அன்றைக்கே மாற்றிவிடுகிறார்கள்.

இறங்கும் வழியில் கருகல் வாடை வந்தால், பெடல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உள்ளே போனால், அடுத்த ஊர் வரை பார்க்கலாம் என்று இழுக்காதீர்கள். அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். நிறுத்தியதும் சூடான டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும், விரிசலும் விடலாம். பிரேக்கை மிதித்தபடியே உட்கார்ந்திருக்காதீர்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு நல்ல கல் வைத்துவிட்டு எல்லோரும் இறங்கி நில்லுங்கள். அரை மணி நேரமாவது ஆற வேண்டும். ஆறியதும் பெடல் திரும்பக் கெட்டியாகிவிடும், உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். ஆகவில்லை. கெட்ட ஆயில் உள்ளேயேதான் இருக்கிறது, அடுத்த நாலு வளைவில் மறுபடி கொதிக்கும். முதல் கியரிலோ இரண்டாவதிலோ மெதுவாக இறங்கி, நேராக ஒரு பட்டறைக்கு விடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பெடல் முழுசாக உள்ளே போய்விட்டால், பெடலை வேகவேகமாகப் பல முறை மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பலாம். கூடவே கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை ஒரே இழுப்பாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும். அதனால் நுனிப் பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஹார்னையும் நாலு இண்டிகேட்டரையும் போடுங்கள். கடைசி வழி என்று வந்துவிட்டால், மலைச் சுவர் இருக்கும் பக்கத்து ரோட்டோர வடிகாலில் சக்கரத்தை இறக்கி உரசி நிறுத்துங்கள். பம்பரும் கதவும் போகட்டும், அதைத் தட்டி எடுக்க நாங்கள் இருக்கிறோம்.