ரூய்போஸ் தேயிலையில் 1.5 சதவீதம்: எந்த விலையில்?

தென்னாப்பிரிக்க நாடாளுமன்றம் 2004-இல் பல்லுயிர்ச் சட்டம் கொண்டுவந்தது. பழங்குடிகளின் அறிவை வைத்து உள்ளூர்ச் செடியிலிருந்து சரக்கு தயாரிப்பவர், அவர்களிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும். லாபத்தில் பங்கும் தர வேண்டும். அடுத்த வருடமே காப்புரிமைச் சட்டத்தையும் திருத்தினார்கள். விண்ணப்பிப்பவர் தன் கண்டுபிடிப்பில் மரபறிவு கலந்திருக்கிறதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவரை சரி.

சதவீதத்தைக் கேட்டு மயங்கக் கூடாது என்பதற்கு ஹூடியா கதை போதும். கள்ளி மாதிரி இருக்கும் செடி; வேட்டைக்குப் போகும் சான் பழங்குடி மக்கள் பசி தெரியாமலிருக்க மெல்வார்கள். அரசின் ஆய்வு நிறுவனமே அவர்களைக் கேட்காமல் 1995-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. போராடி 2003-இல் ஒப்பந்தம் வாங்கினார்கள்: ராயல்டியில் 6 சதவீதம். விற்பனையில் அல்ல, காப்புரிமையைப் பயன்படுத்துபவர்கள் அந்த ஆய்வு நிறுவனத்துக்குத் தரும் ராயல்டியில். அதை விற்பனைக்குக் கொண்டுவர முயன்ற மருந்து நிறுவனம் ஃபைசர் விலகியது, 2008-இல் நுகர்பொருள் நிறுவனமான யூனிலீவரும் கைகழுவியது. மருந்து கடைக்கே வரவில்லை. வராத ராயல்டியில் 6 சதவீதம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ரூய்போஸில் ஓரளவு உஷாரானார்கள். தென்னாப்பிரிக்காவின் செடர்பெர்க் மலைப்பகுதியிலும் அதைச் சுற்றியும் மட்டும் விளையும் செடி; இலையைத் தேநீர் போலக் குடிப்பார்கள். வெட்டி நசுக்கிக் குவித்துவைத்தால் செந்நிறமாகிவிடும்; அப்புறம் வெயிலில் காயவைப்பார்கள். இதன் மரபறிவு சான், கோய் ஆகிய இரு பழங்குடி மக்களுடையது என்று அரசு நடத்திய ஆய்வே 2014-இல் சொல்லிவிட்டது. அப்புறமும் இழுத்தடித்து 2019-இல்தான் ஒப்பந்தம், அவர்களுக்கு 1.5 சதவீதம். கவனியுங்கள், இது தோட்டத்து வாசலில் விவசாயி விற்கும் விலையில். அங்கே 100 ராண்டு (தென்னாப்பிரிக்கப் பணம்) என்றால் பங்கு ஒன்றரை ராண்டு. அதே இலை அழகான டப்பாவில் ஐரோப்பியக் கடைக்குப் போய் எத்தனை மடங்கு விலை ஏறினாலும் ஒன்றரை ராண்டுதான்.

அந்தப் பணமும் நேராகக் கைக்கு வராது. சுற்றுச்சூழல் துறையின் நிதியத்துக்குப் போய், அங்கிருந்து இரு சமூகங்களின் அறக்கட்டளைகளுக்குப் போக வேண்டும். முதல் தவணை, சுமார் 1.2 கோடி ராண்டு, கிடைத்தது 2022-இல். கையெழுத்துக்கும் காசுக்கும் நடுவே கிட்டத்தட்ட மூன்று வருடம்!

"எங்கள் பாட்டி காலத்திலிருந்து இதைத்தான் குடிக்கிறோம்" என்று தனியாளாகப் போய் நின்றால் எதுவும் நடக்காது. பங்கு சமூகத்துக்கு, பேசுவது சமூகத்தின் அமைப்பு. சான் மக்களுக்கு அவர்களுடைய கவுன்சில் 2001-லேயே இருந்ததால்தான் பேச்சுவார்த்தையில் நாற்காலி கிடைத்தது. மூலிகை தேடி ஆராய்ச்சியாளர் வந்த பிறகு சங்கம் ஆரம்பித்தால் தாமதம். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு "ஊரே சம்மதித்தது" என்று கோப்பில் எழுதுவது பழைய வித்தை.

இன்னொன்று: இந்தச் சட்டம் எல்லை தாண்டாது. பெலர்கோனியம் என்ற தென்னாப்பிரிக்கச் செடியின் வேரிலிருந்து இருமல் மருந்து எடுக்கும் முறைக்கு ஜெர்மன் நிறுவனம் ஐரோப்பியக் காப்புரிமை வாங்கியபோது, தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்து ஆலிஸ் ஊர்க்காரர்கள் மியூனிக்கில் உள்ள ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் வரை வழக்காடித்தான் 2010-இல் அதை ரத்து செய்யவைத்தார்கள். ரத்தானது காப்புரிமை மட்டும். மருந்து விற்பனை நிற்கவில்லை.