பாட்டிலில் 40, சிரிஞ்சில் 100

டாக்டர் சீட்டில் இன்சுலின் ‘காலை 20, இரவு 12’ யூனிட் என்று இருக்கிறது. நோயாளி ஒரு வேளை தவறாமல் ஊசி போடுகிறார், சாப்பாட்டிலும் கட்டுப்பாடாக இருக்கிறார். ஆனாலும் சர்க்கரை 300-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. இந்த இடத்தில் மருந்தைக் கூட்டுவதற்கு முன் ஒன்று செய்ய வேண்டும். வீட்டில் இருக்கும் இன்சுலின் பாட்டிலையும் சிரிஞ்சையும் எடுத்துவரச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நம் மருந்துக்கடைகளில் 10 மில்லி பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். முழு பாட்டிலில் 400 யூனிட் இருக்கும். பேனாவில் போடும் 3 மில்லி கார்ட்ரிட்ஜ் வழக்கமாக ஒரு மில்லிக்கு 100 யூனிட், மொத்தம் 300. பாட்டிலிலேயே 100 அடர்த்தியில் வருபவையும் உண்டு. இதற்கேற்ப சிரிஞ்சும் இரண்டு வகை: 40-க்கானது சிவப்பு மூடி, 100-க்கானது ஆரஞ்சு மூடி. டியூப்லைட் வெளிச்சத்தில் இந்த இரண்டு நிறங்களும் வயதானவர்களின் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் மூடியை நம்பாதீர்கள். சிரிஞ்சின் உடம்பிலேயே யூ-40 அல்லது யூ-100 என்று அச்சிட்டிருக்கும், அதைப் படியுங்கள்.

ஏன் இந்தக் குழப்பம்? யூனிட் என்பது எடையும் அல்ல, மில்லி கணக்கும் அல்ல. மருந்து எவ்வளவு வேலை செய்யும் என்பதன் அளவு அது. 1920-களின் தொடக்கத்தில் கனடாவின் டொராண்டோவில் பான்டிங், பெஸ்ட் என்ற ஆய்வாளர்கள் விலங்குகளின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தபோது, ஒவ்வொரு முறை எடுத்த சாறும் ஒவ்வொரு வீரியத்தில் இருந்தது. எடை போட்டுப் பயனில்லை. பட்டினி போட்ட முயலின் சர்க்கரையை எவ்வளவு சாறு இறக்குகிறது என்று பார்த்துத்தான் யூனிட்டை வகுத்தார்கள். இன்று தூய மனித இன்சுலினில் ஒரு யூனிட் என்பது சுமார் 0.0347 மில்லிகிராம். பெயர் மட்டும் பழையபடியே நிற்கிறது. ஆக, சிரிஞ்சில் இருக்கும் கோடு யூனிட்டை நேரடியாக அளப்பதில்லை. உள்ளே இழுப்பது இந்த அடர்த்தி மருந்துதான் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வரைந்த கோடு அது. மருந்து மாறினால் கணக்கும் பொய்யாகிவிடும்.

40 அடர்த்தி மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லி. அதாவது 8 யூனிட்தான். 100 அடர்த்தி மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 0.5 மில்லி, 50 யூனிட். முதல் தவறில் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். இரண்டாவது தவறு சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கி, அன்று இரவே ஆளை மயக்கத்தில் தள்ளிவிடலாம்.

முதல் தவறு சாதுவானது என்று எண்ணிவிட வேண்டாம். சர்க்கரை இறங்காததால் டாக்டர் 20-ஐ 30 ஆக்குவார், பிறகு 40 ஆக்குவார். ஆரஞ்சு சிரிஞ்சில் 40 என்றாலும் உடம்பில் ஏறுவது 16 யூனிட். ஒருநாள் காய்ச்சலென்று ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். நர்ஸ் சரியான சிரிஞ்சில் சரியாக 40 போடுகிறார். பழகிய அளவைவிட இரண்டரை மடங்கு! சரியான சிரிஞ்ச் கைக்கு வந்த அன்றுதான் உண்மையான ஆபத்து. எனவே இந்தத் தவறு இருப்பது தெரிந்தால், தானாகச் சிரிஞ்சை மாற்றிக்கொண்டு பழைய எண்ணையே போடக் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் சொல்லி அளவைப் புதிதாக எழுதி வாங்க வேண்டும்.

எண் படிக்கத் தெரியாதவர்கள் கோட்டை எண்ணிப் போடுவார்கள். சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு சின்னக் கோடு ஒரு யூனிட். ஒரு மில்லி ஆரஞ்சு சிரிஞ்சில் பெரும்பாலும் ஒரு கோடு இரண்டு யூனிட், அரை மில்லி ஆரஞ்சு சிரிஞ்சில் ஒன்று. ‘பத்துக் கோடு போடுங்கம்மா’ என்று சொல்லி அனுப்புவது இதனால்தான் தவறு. பேனாவிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பதையும் அறவே விடுங்கள். ஒரு மில்லிக்கு 300 யூனிட் உள்ள பேனாக்களும் இப்போது புழக்கத்தில் இருக்கின்றன.

எழுதுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். யூனிட்டுக்கு ஆங்கில ‘யூ’ எழுத்தை மட்டும் போடாதீர்கள். அவசரக் கையெழுத்தில் அது பூஜ்யமாகி, 10 யூனிட் 100 ஆகிவிடும். முழுச் சொல்லையும் எழுதுங்கள்.

வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் வந்தால் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து பிள்ளைகள் வாங்கிவரும் சுகர் மெஷினில் 7 என்று காட்டினால் பதறாதீர்கள். அது மில்லிமோல் என்ற வேறு அலகின் கணக்கு. 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கில் 126.

குழந்தைகளின் காய்ச்சல் மருந்திலும் இதே கண்ணிதான். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று வைத்தால், 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லியில் 125 உள்ள சிரப்பில் அது 6 மில்லி. 250 உள்ளதில் 3 மில்லி. ஒரு மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லிதான். ‘போன தடவை ஒரு ஸ்பூன் கொடுத்தோம்’ என்று சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். பாட்டில் மாறும்போதெல்லாம் லேபிளைக் காட்டி எத்தனை மில்லி என்று கேட்டு, பெட்டியோடு வரும் அளவு மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம்.