டைரி மாறலாம், தேதி மாறக் கூடாது

"எழுத்தெல்லாம் வந்துவிட்டதே, அப்புறம் என்ன?" கடலூரில் கணினிப் பழுதும் தகவல் மீட்பும் பார்க்கும் என் கடையில், டைரியை ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியவர்கள் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள். முன்பு பொறுமையாகப் பதில் சொல்வேன். இப்போது எரிச்சல்தான் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அண்மையில் மஞ்சக்குப்பத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். பல ஆண்டுகளாக ஒரு செயலியில் எழுதி வந்த டைரியைப் பேரன் புதிய செயலிக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறான். ஒரு சொல்கூட விடுபடவில்லை. ஆனால் எல்லாக் குறிப்புக்கும் ஒரே தேதி: பேரன் உட்கார்ந்து மாற்றிய அந்த ஞாயிற்றுக்கிழமை. பழைய கணக்கை அன்று இரவே அழித்துவிட்டார்கள். "இரண்டு இடத்தில் எதற்கு என்று நினைத்தோம், தம்பி" என்றார். அதில் ஒரு குறிப்பு: "காற்று இன்னும் அடங்கவில்லை. பின்கட்டு ஓடெல்லாம் போய்விட்டது." இது 2011இல் வந்த 'தானே' புயலா, 2024இல் வந்த ஃபெஞ்சல் புயலா? எழுதியவருக்கே தெரியவில்லை. சில குறிப்புகளில் இருந்த புகைப்படக் கோப்புகளுக்குள் எடுத்த நாள் பதிந்திருந்தது. அவற்றை மட்டும் உரிய இடத்தில் சேர்த்தோம். படமில்லாதவற்றுக்கு வழியில்லை.

தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். காகித டைரியில் தேதி அச்சிட்டே வரும். நோட்டில் எழுதினாலும் தலைப்பில் நாமே தேதி போடுவோம். செயலியில் எழுதும்போது யாரும் போடுவதில்லை, அதுவே காட்டுகிறதே என்று விட்டுவிடுகிறோம். அப்படிக் காட்டும் தேதி நீங்கள் எழுதிய எழுத்துக்குள் இல்லை. அது தனியே ஒரு பதிவாக இருக்கிறது. நீங்கள் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, புதிய இடத்தில் ஒட்டும்போது அந்தப் பதிவு கூடவே வராது. தபால் முத்திரை உறையில் இருக்க, உள்ளே இருக்கும் கடிதத்தை மட்டும் படியெடுப்பது போலத்தான். புதிய செயலிக்கு அந்தக் குறிப்பு இன்று பிறந்தது. இன்றைய தேதியைப் போடுகிறது. அது செய்வது சரிதான். செயலியைத் திட்டிப் பயனில்லை.

பக்கத்துப் புதுச்சேரியில் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 18ஆம் நூற்றாண்டில் எழுதிய நாட்குறிப்பில் ஐரோப்பியத் தேதியோடு தமிழ் வருடம், மாதம், தேதியையும் சேர்த்தே எழுதினார். யார் எங்கே படியெடுத்தாலும் நாள் தப்பவில்லை. நாமும் அப்படிச் செய்யலாம்: குறிப்பின் முதல் வரியிலோ கோப்பின் பெயரிலோ 2011-12-30 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் போட்டுவிடுங்கள். அப்சிடியன் போலக் கோப்புகளாகச் சேமிக்கும் செயலிக்குப் போகிறவர்களுக்கு இது கட்டாயம். அங்கே கோப்பு உருவான தேதியை நம்பினால், ஒருமுறை வேறு கணினிக்கு நகலெடுத்ததும் அதுவும் மாறிவிடக்கூடும்.

"நான் நகலெடுத்து ஒட்டவில்லை, முறையாக எக்ஸ்போர்ட் செய்தேன்", அதாவது செயலியே தரும் ஏற்றுமதிக் கோப்பாக எடுத்தேன் என்பவர்களுக்கு வேறு வகைச் சங்கடம். எவர்நோட் என்ற குறிப்புச் செயலி தன் ஏற்றுமதிக் கோப்பில் நேரத்தை உலகப் பொது நேரத்தில்தான் எழுதுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. தானே புயல் கரையைக் கடந்த 30 டிசம்பர் 2011 அன்று விடியற்காலை நாலரை மணிக்கு எழுதிய குறிப்பு, அந்தக் கோப்பில் 29ஆம் தேதி இரவு 11 மணி என்று இருக்கும். புதிய செயலி அதை நம் நேரத்துக்குத் திருப்பினால் தப்பித்தீர்கள். திருப்பாவிட்டால், நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரை வரை எழுதியவை அனைத்தும் ஒரு நாள் பின்னால் போய் உட்காரும். டே ஒன் செயலியும் பொது நேரத்தில்தான் எழுதும். ஆனால் எந்த நேர மண்டலத்தில் எழுதினீர்கள் என்பதையும் பக்கத்தில் குறித்து வைக்கும். அதைப் படிக்கிற பொறுப்பு புதிய செயலியுடையது. எல்லாச் செயலிகளும் படிப்பதில்லை.

இன்னொன்று, நாள் முன்னா மாதம் முன்னா என்ற குழப்பம். அட்டவணைக் கோப்பாக மாற்றி ஏற்றும்போது 09-11-2015 என்பதை அமெரிக்க வழக்கத்தில் செப்டம்பர் 11 என்று படிக்கும் செயலிகள் உண்டு. சரிபார்க்கச் சொன்னால் நம் ஊர்க்காரர்கள் உடனே 26-12-2004 சுனாமியைத் திறக்கிறார்கள், அடுத்து தானே, அடுத்து 30-11-2024 ஃபெஞ்சல். எல்லாம் சரியாக இருக்கும். இருக்காதா பின்னே? 26ஆவது மாதமும் 30ஆவது மாதமும் கிடையாதே! 12ஆம் தேதி வரையுள்ள நாட்களில்தான் பிழை ஒளிந்திருக்கும். 2015 நவம்பர் 9ஆம் தேதியைத் திறந்து பாருங்கள். நெய்வேலி, பண்ருட்டிப் பக்கம் வெள்ளம் புகுந்த கதை செப்டம்பரில் கிடந்தால் விஷயம் புரிந்துவிடும்.

பழைய தமிழ்க் கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை பரவுவதற்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த டைரிகளைப் புதிய செயலியில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கலைந்து தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழிக்கிறார்கள். கெடவில்லை, ஐயா! என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றும் மென்பொருள் ஒன்று போதும், நிமிடத்தில் யூனிகோடு ஆகிவிடும். எந்த எழுத்துரு என்று தெரியாவிட்டால் அந்தக் காலத்து டிடிபி கடைக்காரர் எவரையாவது கேளுங்கள், பார்த்தவுடன் சொல்லிவிடுவார். யூனிகோடிலும் சிறு வம்பு உண்டு: கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் சில செயலிகளின் தேடலுக்கு வேறு வேறு. "கோயில்" என்று தேடிப் பாதிக் குறிப்புகளே வந்தால் மீதி தொலைந்துவிட்டதாகப் பதறாதீர்கள்.

படங்களைப் பற்றிச் சுருக்கமாக: கூகுளின் பிளாகர் வலைப்பதிவில் தனிப்பட்ட டைரி எழுதியவர்கள் எடுக்கும் காப்பில், எழுத்து உள்ள கோப்பில் படங்களின் முகவரிதான் இருக்கும், படம் இருக்காது. இணையத்தை அணைத்துவிட்டுப் புதிய செயலியைத் திறந்து, படம் தெரிகிறதா என்று பாருங்கள்.

இனி செய்ய வேண்டியது. ஏற்றுமதி செய்த மூலக் கோப்பைத் தொடாமல் ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி, வேறு இடத்தில் ஒரு பிரதி வையுங்கள். எவர்நோட்டில் ஒவ்வொரு நோட்டுப் புத்தகத்தையும் தனித்தனியே எடுத்து அதன் பெயரையே கோப்புக்கு வையுங்கள். கோப்புக்குள் அந்தப் பெயர் பதிவதில்லை. முதலில் ஒரு மாதக் குறிப்பை மட்டும் ஏற்றிப் பாருங்கள். விடியற்காலையில் எழுதியது ஒன்று, மாதத்தின் முதல் வாரத்தில் எழுதியது ஒன்று, படத்தோடு ஒன்று, குரல் பதிவோடு ஒன்று என்று திறந்து பாருங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும் என்ற பேச்சே வேண்டாம். அந்த ஆசிரியைக்கும் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. பழைய கணக்கை ஓராண்டாவது அப்படியே விட்டுவையுங்கள், இடையிடையே உள்ளே போய் வாருங்கள். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்பது கூகுளின் விதி. எல்லாச் சாதனங்களிலும் தானாகவே ஒத்திசைகிறது, அதுவே காப்பு என்று சொல்பவர்களுக்கு ஒரு வரிதான்: ஓரிடத்தில் அழித்தால் அதுவும் எல்லாவற்றிலும் ஒத்திசையும்.

பழைய செயலியில் பூட்டு இருந்ததே என்ற தைரியத்தில் ஏற்றுமதிக் கோப்பைக் கண்ட இடத்தில் விடாதீர்கள். அதற்குப் பெரும்பாலும் பூட்டு கிடையாது. பிரவுசிங் சென்டர் கணினியில் இறக்கிவிட்டு அப்படியே எழுந்து வருகிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு "யாராவது மாற்றிக் கொடுங்கள்" என்கிறார்கள். உங்கள் இருபது ஆண்டுச் சண்டை, கடன், அழுகை எல்லாம் அதில் இருக்கிறது. எங்களைப் போன்றவர்களிடம் கொண்டுவந்தாலும் பக்கத்திலேயே உட்காருங்கள். தேதி பார்க்கச் சில குறிப்புகளைத் திறந்தாக வேண்டும். எவற்றைத் திறக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள். வேலை முடிந்ததும் எங்கள் கணினியிலிருந்து உங்கள் கோப்பை உங்கள் கண்முன்னே நீக்கச் சொல்லுங்கள், குப்பைத்தொட்டியிலிருந்தும் சேர்த்து. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். முகம் சுளிக்கிற கடைக்காரர் என்றால் வேறு கடை பாருங்கள்.