புயலுக்குப் பிறகு வாங்கும் கடன்: பொருள் திரும்பும், வியாபாரம் திரும்புமா?

தவணை குறிக்கும் மூன்று கடன் அட்டைகளோடு ஒரு தையல்காரப் பெண்மணி வந்திருந்தார். வெள்ளத்தில் தையல் இயந்திரத்தின் மோட்டார் போய்விட்டது, மேசைப் பலகை ஊறி உப்பிவிட்டது. ஏற்கெனவே ஒரு குழுக் கடன் ஓடிக்கொண்டிருந்தது. புது இயந்திரம் வாங்க இரண்டாவது கடன் எடுத்தார். முதல் கடனின் தவணையை அடைக்க மூன்றாவது. இயந்திரம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "நன்றாகத்தான் ஓடுகிறது சார், துணி கொடுக்கத்தான் ஆள் வரவில்லை" என்றார்.

எப்படி வருவார்கள்? அவரிடம் துணி கொடுப்பவர்களும் அதே வெள்ளத்தில் வீடு நனைந்தவர்கள்தான். கையில் இருக்கும் காசில் கூரையைச் சரிசெய்வார்களா, புதுத் துணி தைப்பார்களா? கடன் கொடுத்த அலுவலர் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும், அந்த இரண்டாவது கடன் பாதியாகக் குறைந்திருக்கும். ஏழைகளுக்குச் சிறு தொகைகளைக் கடனாகக் கொடுக்கும் குறுங்கடன் துறையில் கடன் மதிப்பீடு செய்பவன் நான். இதே கதையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

இழந்த பொருளைத் திரும்ப வாங்கிவிட்டால் இழந்த வருமானமும் திரும்பிவிடும் என்று கடன் வாங்குபவர் நம்புகிறார். அதைவிடக் கொடுமை, கொடுப்பவரும் நம்புகிறார். வருமானம் பொருளிலிருந்து மட்டும் வருவதில்லை. வாங்க ஆள் வேண்டும், சரக்கு வந்துசேர வழி வேண்டும், மின்சாரம் வேண்டும், பருவம் தப்பாமல் இருக்க வேண்டும். பேரிடர் இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அடிக்கிறது. கடன் இவற்றில் ஒன்றை மட்டுமே திருப்பித் தரும்.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் சிறு தொழில் செய்பவர்களைப் பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் தொடர்ந்து கவனித்தார்கள். குலுக்கல் முறையில் சிலருக்கு மானியம் கொடுத்து, கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். சில்லறை வியாபாரம் செய்தவர்கள் அந்தப் பணத்தால் வேகமாக மீண்டார்கள். பொருள் தயாரித்து விற்றவர்களுக்கு அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. மூலப்பொருள் வந்துசேரும் வழியே அறுந்து கிடந்ததுதான் காரணம் என்றார்கள். கவனியுங்கள், இது திருப்பிக் கட்ட வேண்டாத மானியம். வட்டியோடு வந்த கடனாக இருந்திருந்தால் தயாரிப்பாளர்களின் கதி என்ன?

அதே சுனாமிக்குப் பிறகு படகுகளும் வந்து குவிந்தன. சில கரையோரங்களில் முன்பு இருந்ததைவிடச் சிறு படகுகள் அதிகமாகிவிட்டன. படகு கூடினால் கடலில் மீன் கூடுமா? பனிக்கட்டி ஆலை, ஏலக்கூடம், லாரி வரும் சாலை இவையெல்லாம் தயாராகாமல் பிடித்த மீனை வைத்து என்ன செய்வது?

ஆகவே தொழிலுக்குத் தொழில் கணக்கு வேறு. தச்சர், கொத்தனார், மின்பணியாளர் போன்றவர்களுக்குப் பேரிடருக்குப் பிறகுதான் வேலை கூடுகிறது. அடித்துப்போன கருவிகளுக்கு ஒரு சிறு கடன் கொடுத்தால் சில மாதங்களில் அடைத்துவிடுவார்கள். அன்றாடத் தேவைப் பொருள்களை விற்கும் சிறு கடைக்காரரும் அப்படித்தான், சரக்கு நாளுக்கு நாள் காசாகிறது. மாடு வாங்கக் கடன் என்றால் முதலில் தீவனம் எங்கிருந்து வரும் என்று கேட்பேன். மரப்பயிர் என்றால் இன்னும் யோசிப்பேன். 2013 நவம்பரில் ஹையான் சூறாவளி பிலிப்பைன்ஸில் கோடிக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது, சிதைத்தது. நெட்டை ரகத் தென்னங்கன்று ஒழுங்காகக் காய்க்க ஆறேழு ஆண்டுகளாவது ஆகும். அதற்கு ஒரு வருட வாரத் தவணைக் கடன் கொடுப்பதை என்னவென்று சொல்வது! அங்கே கடன் கன்றுக்கு வேண்டாம், இடையில் சீக்கிரம் அறுவடையாகும் ஊடுபயிருக்குக் கொடுங்கள்.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய பாடமும் இல்லை. 1998 வெள்ளத்தில் வங்கதேசத்தின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் தண்ணீரில் கிடந்தது. குறுங்கடனுக்குப் பேர்போன அந்நாட்டு கிராமீன் வங்கி பாதிக்கப்பட்டவர்களுக்குப் புதுக் கடன்களைக் கொடுத்தது. பழைய பாக்கிக்கு மேல் புதிய பாக்கி ஏறியது, பலரால் கட்ட முடியவில்லை, தவணை கட்டும் குழுக் கூட்டங்களுக்கு வருவதையே நிறுத்தினார்கள். அதன் பிறகுதான் அந்த வங்கி தன் முறையையே மாற்றி, கட்ட முடியாதவர்களுக்குத் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டும் வழியைக் கொண்டுவந்தது. எங்கள் துறையின் தாய்வீடே பட்டுத் தெரிந்துகொண்ட பிறகும், வெள்ளம் வடிவதற்குள் விண்ணப்பப் படிவத்தை நீட்டுபவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

கடனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதுவும் தப்பு. நிறுவனக் கடன் கிடைக்காத இடத்தில் மீட்டர் வட்டிக்காரர் நுழைந்துவிடுவார். வங்கதேசத்தில் குறுங்கடனும் கொடுக்கும் தொண்டு நிறுவனமான பிராக், வெள்ளம் வந்தால் இவ்வளவு கடன் உறுதி என்று சில உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்துப் பார்த்தது. அந்த உறுதி இருந்த குடும்பங்கள் வெள்ளம் வருமுன்பே துணிந்து விவசாயத்தில் கூடுதலாக முதலீடு செய்தன. கடன் இப்படி வந்தால் நல்லது: அளவு தெரிந்து, முன்பே பேசிவைத்து.

முதல் தவணை எப்போது என்பதும் முக்கியம். கொல்கத்தாவில் நடந்த ஒரு சோதனையில், கடன் வாங்கிய இரண்டு வாரத்தில் கட்டத் தொடங்கியவர்களைவிட, இரண்டு மாத அவகாசம் பெற்றவர்கள் தொழிலில் அதிகம் போட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து லாபமும் கூடுதலாகப் பார்த்தார்கள். ஆனால் அவர்களில் தவணை தவறியவர்களும் அதிகம். நிறுவனங்கள் அவகாசம் கொடுக்கத் தயங்குவதற்குக் காரணம் அதுதான். தயங்கட்டும், நீங்கள் கேளுங்கள்.

சரி, என்ன செய்யலாம்?

தவணை தவறுவதற்கு முன்பே போய்ப் பேசுங்கள். தவறிய பிறகு போனால் நீங்கள் பாக்கிதாரர், முன்பே போனால் வாடிக்கையாளர். போனில் சொன்னேன், வசூலுக்கு வந்த தம்பியிடம் சொன்னேன் என்பதெல்லாம் செல்லாது. எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

ஒத்திவைப்பு கொடுத்தால், அந்த மாதங்களுக்கு வட்டி ஓடுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஓடும். மாதம் 2 சதவீத வட்டியில் 100 பாக்கி இருந்தால், ஆறு மாதம் கட்டாமல் விட்டு, வட்டியை அசலோடு சேர்த்தால் அது ஏறக்குறைய 112.6 ஆகிவிடும். தள்ளுபடி என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

பழைய தவணையைக் கட்டப் புதுக் கடன் எடுக்கவே எடுக்காதீர்கள். யார் யோசனை சொன்னாலும். முக்கியமாக, புதுக் கடனைக் கொடுப்பவரே யோசனை சொன்னால்.

நிவாரணப் பணத்தை அப்படியே வசூலுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது சாப்பாட்டுக்கும் கூரைக்கும் வந்த பணம். வயிற்றுக்குக் கடன் வாங்க வேண்டிய நிலை வந்தாலும், உறவிலோ குழுவின் பொதுச் சேமிப்பிலோ வட்டியில்லாமல் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.

வட்டி முதலில் வாங்கிய முழு அசலுக்கா, குறைந்துவரும் பாக்கிக்கா என்று கேளுங்கள். 12 சதவீதம் என்று சொல்லி முழு அசலுக்கும் வருடம் முழுக்கக் கணக்கிட்டால், மாதத் தவணையில் உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும். எங்கள் ஆட்கள் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் கடன் என்று வரும் செயலிகளைத் தொடாதீர்கள். தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டால் அந்த நிமிடமே அழித்துவிடுங்கள்.

குழுவில் ஒருவருக்கு மற்றவர்கள் பொறுப்பு என்ற ஏற்பாடு சாதாரண காலத்தில் வேலை செய்யும். ஐந்து வீட்டிலும் ஒரே நாளில் தண்ணீர் புகுந்தால் யாருக்கு யார் கட்டுவது? ஐந்து பேரும் சேர்ந்தே போய்க் கேளுங்கள், தனித்தனியாகப் போகாதீர்கள்.

களத்தில் இருக்கும் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விண்ணப்பத்தில் 'கடனின் நோக்கம்' என்ற கட்டத்தில் 'தையல் இயந்திரம்' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடாதீர்கள். இப்போது யார் துணி கொடுக்கிறார்கள், வாரம் எத்தனை உருப்படி வருகிறது என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். பதில் வரவில்லை என்றால் இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் அளவுக்கு மட்டும் கொடுங்கள். மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.