காய்ச்சல் நாளில் இன்சுலினை நிறுத்தலாமா?

பாலக்காட்டு மாவட்டத்தின் தமிழக எல்லையோரம், முதலமடை, கோவிந்தாபுரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பள்ளிக்கூடம் திறப்பதும் இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழை இறங்குவதும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் நடக்கும். சில நாளிலேயே வகுப்பறை இருமத் தொடங்கிவிடும். முதல் வகை நீரிழிவுள்ள, அதாவது உடலே இன்சுலின் சுரக்காததால் ஊசியை நம்பியிருக்கும் பிள்ளையும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் காய்ச்சல் கண்டால், பாலக்காட்டுக்குப் போவதா பொள்ளாச்சிக்குப் போவதா என்று யோசிப்பதற்கு முன்பே வீட்டுப் பெரியவர் ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "பிள்ளை ஒன்றுமே சாப்பிடவில்லை, இன்றைக்கு ஊசி வேண்டாம்." அக்கறையில் வரும் பேச்சுதான், ஆனால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்தானது.

முதலில், நீரிழிவுள்ள பிள்ளையைத் தொற்று ஏன் கூடுதலாகப் படுத்துகிறது என்று பார்ப்போம். 'இனிப்பு ரத்தத்தில் கிருமி கொழுக்கும்' என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையான கோளாறு பெரும்பாலும் நம் காவல் படையில் இருக்கிறது. கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடி வருபவை நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள். அவை கிருமியை விழுங்கி, உள்ளேயே சூப்பர் ஆக்சைடு என்ற நச்சைத் தயாரித்துக் கொல்கின்றன. அந்த நச்சைத் தயாரிக்க என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறு வேண்டும். ரத்தத்தில் குளுக்கோஸ் எகிறும்போது, செல்லுக்குள் புகும் உபரிக் குளுக்கோஸை ஒரு நொதி சார்பிட்டாலாக மாற்றுகிறது. அந்த வேலைக்கும் செலவாவது அதே என்ஏடிபிஎச். ஆக, கிருமியை விழுங்கிய அணுவிடம் அதைக் கொல்லப் போதுமான சரக்கு இருப்பதில்லை. கிருமி இருக்கும் இடத்தை நோக்கி நகரும் வேகமும் குறைந்துபோகிறது.

இந்தக் குறை பெருமளவு திரும்பச் சரியாகக் கூடியது. சர்க்கரை இறங்கினால் அணுக்களும் தேறும். சர்க்கரையை ஒழுங்காகக் கட்டுக்குள் வைத்திருக்கும் பிள்ளை, சாதாரணச் சளி காய்ச்சலில் மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் அவதிப்படுவதில்லை. 'சர்க்கரை உள்ள பிள்ளைக்குப் புண் ஆறாது, ஓடி விளையாட விடாதே' என்று பயமுறுத்துகிறவர்கள் நினைப்பது பெரியவர்களின் கால் புண்ணை. அது பல ஆண்டுகளாக நரம்பும் ரத்தக் குழாயும் கெட்டதால் வருவது.

பூஞ்சையின் கதை வேறு. ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரில் சர்க்கரை வடியும். ஈரமும் இனிப்பும் சேர்ந்த இடத்தில் கேண்டிடா பூஞ்சை செழிக்கும். தொடையிடுக்கில் ஆறாத அரிப்பு, குழந்தைகளின் அரையிடுக்கில் மருந்து போட்டும் போகாத சிவப்பு என்று வந்து, சில சமயம் நீரிழிவையே முதலில் காட்டிக்கொடுப்பதும் இதுதான். 2021இல் எல்லோரும் கேள்விப்பட்ட கருப்புப் பூஞ்சை பிள்ளைகளுக்கு அபூர்வம். ஆனால் நீரிழிவு கட்டுமீறி ரத்தம் அமிலமாகும்போது, இரும்பைக் கட்டி வைத்திருக்கும் புரதம் அதைக் கைவிடுகிறது. அந்தப் பூஞ்சைக்கு வேண்டியது அந்த இரும்பே.

இனி அந்தத் தீர்ப்புக்கு வருவோம். காய்ச்சல் வந்ததும் உடல் கார்டிசால், அட்ரினலின், குளுக்ககான் ஆகியவற்றைச் சுரக்கிறது. இவை கல்லீரலிலிருந்து சர்க்கரையைக் கொட்டச் செய்கின்றன, இன்சுலினின் வேலையையும் மட்டுப்படுத்துகின்றன. ஒரு பருக்கைச் சோறு உள்ளே போகாமலேயே சர்க்கரை ஏறுவது இதனால்தான். இந்த நேரத்தில் ஊசியையும் நிறுத்தினால், உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்போது உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப் பொருள் குவிந்து ரத்தம் அமிலமாகும். வாந்தி வரும், நீர் வற்றும், சர்க்கரை இன்னும் ஏறும். வயிற்றுவலியைப் பார்த்துக் குடல்வால் அழற்சி என்றும், ஆழ்ந்து வேகமாக மூச்சு வாங்குவதைப் பார்த்து நிமோனியா என்றும் ஏமாந்துபோவது உண்டு. மூச்சில் பழ வாடை அடித்தால் சந்தேகமே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் சொல்வதைப் பொறுத்தது. நீண்ட நேரம் வேலை செய்யும் அடிப்படை இன்சுலினை மட்டும் முழுதாக நிறுத்தவே கூடாது. வயிற்றுப்போக்கும் வாந்தியும் உள்ள நாளில் சர்க்கரை சடாரென்று இறங்குவதும் உண்டு. அன்று அளவைக் குறைத்து, சர்க்கரை சேர்ந்த நீராகாரத்தை வாய் வாயாகக் கொடுத்துச் சமாளிக்க வேண்டியிருக்கும். எப்படியானாலும் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் எழுந்து, சோதிக்க வேண்டும். கீட்டோன் மீட்டர் 0.6க்குக் கீழே காட்டினால் கவலையில்லை. 1.5ஐத் தாண்டினால் டாக்டரை அழைக்க வேண்டும், 3 என்றால் நேராக அவசரப் பிரிவு. ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசியும் நிமோகாக்கஸ் தடுப்பூசியும் இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியவை.

மாம்பழத்துக்குப் பேர்போன முதலமடைக்காரர்களுக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மாம்பழம் தின்ற விரலைக் குத்திப் பார்த்தால், தோலில் ஒட்டிய சாறும் சொட்டு ரத்தத்தோடு கலந்து மீட்டர் பொய்யாக எகிறும். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை துடைத்தால் போதாது. குழாய் நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே குத்த வேண்டும். அந்தப் பொய்க் கணக்கை நம்பிக் கூடுதல் இன்சுலின் போட்டுவிட்டால், சர்க்கரை தாழ்ந்து பிள்ளை மயங்கிவிடும்.